மறுமொழிக்கும் கடிதத்துக்கும் இடையில்

எமது கல்லூரியின் பழைய சஞ்சிகைகளைப் புரட்டும் எவரும் ஒரு பக்கத்தைத் தவறாமற் காண்பர். "பல்கலைக்கழகம் புகுந்தோர்" என்று தலைப்பு. கீழே சில பெயர்கள். பெயருக்கு எதிரே மருத்துவம், விஞ்ஞானம், கலை என ஒற்றைச் சொல். சில ஆண்டுகளில் அரைப் பக்கம், சில ஆண்டுகளில் இரண்டு மூன்று வரிகள். பரிசளிப்பு விழா அறிக்கையிலும் அதே பெயர்கள் மீண்டும் வரும். அந்தப் பக்கத்தில் இல்லாதவை இரண்டு. ஒன்று, பரீட்சை முடிந்த நாளுக்கும் அனுமதிக் கடிதம் வந்த நாளுக்கும் இடையில் அந்தப் பிள்ளைகள் கழித்த மாதங்கள். மற்றையது, கடிதம் வந்தும் போகாதவர்களின் பெயர்கள்.

கட்டடங்களைப் பற்றியும் அதிபர்களைப் பற்றியும் எழுத வல்லவர்கள் இம்மலரில் எழுதியிருக்கிறார்கள். உயர்தர வகுப்பில் நெடுங்காலம் கற்பித்தவள் என்ற முறையில் அந்தக் காத்திருப்பின் வரலாற்றைச் சொல்ல எனக்கு ஆவல். 1945 ஒக்டோபரிலிருந்து இலங்கையில் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசம். கன்னங்கரா அவர்களுக்கு நாம் எல்லோரும் கடமைப்பட்டவர்கள். ஆனால் காத்திருப்பு ஒருநாளும் இலவசமாக இருந்ததில்லை. அதன் செலவை ஆண்பிள்ளைகளிலும் பார்க்கப் பெண்பிள்ளைகளே கூடுதலாகச் சுமந்தார்கள் என்பது என் கணிப்பு.

எங்கள் ஆச்சிமார் பரீட்சைப் பெறுபேற்றை "மறுமொழி" என்றே சொல்வார்கள். "சோதனை மறுமொழி வந்திட்டுதோ?" என்று படலையில் நின்று கேட்பார்கள். சங்கம் தொடங்கிய நாட்களில் அந்த மறுமொழி கடல் தாண்டி வரவேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் 1880இலிருந்து இங்கே நடந்தன. இலண்டன் மற்றிக்குலேசனும் பின்தொடர்ந்தது. விடைத்தாள்கள் கப்பலேறி இங்கிலாந்து போகும், அங்கே திருத்தப்படும், பல மாதங்கள் கழித்து முடிவு வரும். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டபோதும் அதற்குத் தானாகப் பட்டம் வழங்கும் அதிகாரம் இல்லை. இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்கே மாணவரைத் தயார்செய்தது. உதவிப்பணம் என்று பெரிதாகப் பேசப்பட்டது இங்கிலாந்துப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில். 1870இல் அதைப் பெற்றுத்தான் சேர் பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிரிட்ஜ் சென்றார். ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்கே அது கிடைத்தது. அந்தக் காலத்தில் பட்டம் பெற விரும்பிய எமது பெண்கள் சிலர் தென்திசை போகாமல் பாக்குநீரிணையைக் கடந்தார்கள். சென்னையில் 1915இல் தொடங்கிய மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி போன்றவை அவர்களுக்கு இடம் கொடுத்தன. திரும்பி வந்தவர்கள் ஆசிரியைகளானார்கள். அவர்களிடம் படித்தவர்கள்தான் பிறகு கொழும்புக்கும் பேராதனைக்கும் போனவர்கள்.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. முதல் ஆண்டில் மொத்தம் 904 மாணவர். அவர்களில் பத்தில் ஒருவர் அளவே பெண்கள். 1952இல் பேராதனை வளாகத்தில் பல்கலைக்கழக வாழ்க்கை தொடங்கியதும் ஹில்டா ஒபயசேகர விடுதி போன்ற பெண்கள் விடுதிகள் பெற்றோருக்குத் தைரியம் கொடுத்தன. "விடுதிக்கு வோர்டன் இருக்கிறா, இரவு இத்தனை மணிக்குக் கதவு பூட்டுவினம்" என்பதைக் கேட்ட பிறகுதான் பல அப்பாமார் சம்மதித்தார்கள். வடக்கிலிருந்து புறப்பட்டால் பொல்காவலையில் இறங்கிக் கண்டி றெயில் மாறவேண்டும். சூட்கேசும் தலையணையும் மிளகாய்த்தூள் டின்னுமாக அந்த மேடையில் நின்றவர்கள் இம்மலரை வாசிப்போரிடையே நிச்சயம் இருப்பீர்கள்.

அக்காலத்துக் காத்திருப்பு ஒப்பீட்டளவில் எளிமையானது என்று நினைக்கிறேன். போட்டியிட்டவர்கள் சிலர், இடங்கள் சில, விதி எல்லாருக்கும் ஒன்று. 1960களில் நிலைமை மாறியது. இலவசக் கல்வியின் முதல் தலைமுறை வளர்ந்து, தாய்மொழியிலேயே படித்து, பல்கலைக்கழக வாசலுக்கு வந்து சேர்ந்தது. 1964இலிருந்து தனியான புகுமுகப் பரீட்சை போய், க.பொ.த. உயர்தரமே தெரிவுக்கும் உரிய பரீட்சையாயிற்று. வந்தவர்களுக்குப் போதிய இடம் இல்லை. இடம் போதாத நாட்டில் தெரிவு விதி எதுவோ, அதுவே அரசியலாகிவிடும்.

1970ஆம் ஆண்டுப் பரீட்சையின் பின் நடந்ததை எமது தலைமுறை மறக்காது. தமிழ்ப் பரீட்சகர்கள் புள்ளிகளை அள்ளி வழங்கினார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணையில் அது நிரூபிக்கப்படவில்லை. இருந்தும் அந்த ஆண்டு அனுமதிக்கு மொழிமூலத்தின்படி வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் விதிக்கப்பட்டன. 400 புள்ளிகளில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழிமூல மாணவருக்கு 250, சிங்களமொழிமூல மாணவருக்கு 229. பேராதனைப் பொறியியலுக்கு 250க்கு 227. அடுத்து மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. 1974இல் அதனோடு மாவட்டக் கோட்டாவும் சேர்ந்தது. 1969-70இல் பொறியியல் அனுமதியில் ஏறக்குறையப் பாதியாக இருந்த தமிழ் மாணவரின் பங்கு 1974இல் 16 வீதம் அளவுக்கு இறங்கியது.

இதன் அரசியல் விளைவுகளைப் பலர் எழுதிவிட்டார்கள். வீட்டுக்குள் நடந்ததை எழுதியவர்கள் குறைவு. அதுவரை பிள்ளை தன் புள்ளியைக் கூட்டிப் பார்த்தால் ஓரளவுக்குத் தன் விதியை ஊகிக்கலாம். இதற்குப் பிறகு புள்ளி தெரிந்தும் விதி தெரியாது. வெட்டுப்புள்ளி வெளிவரும் வரை எதையும் தீர்மானிக்க முடியாது. அந்த இடைவெளியில் அண்ணன்மாருக்கு வேறு வழிகள் தேடப்பட்டன: இலண்டனுக்கு அனுப்புவதா, கணக்கியல் பரீட்சை எடுப்பதா, கிளறிக்கல் சோதனை எழுதுவதா. காணியை ஈடுவைத்தாவது மகனை அனுப்பிய வீடுகளை நான் அறிவேன். அதே வீட்டில் அதே புள்ளி எடுத்த மகளுக்கு அந்தக் காணி சீதனக் காணி. அதைத் தொட முடியாது. அவள் "இரண்டாந்தரம் எடுத்துப் பார்" என்ற ஒரே வழியோடு இருந்தாள். அல்லது சாதகக் குறிப்பு தரகரின் பையில் ஏறியது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். மாவட்டக் கோட்டாவால் மன்னாரிலும் வவுனியாவிலும் ஆய்வுகூடமே இல்லாத பாடசாலைகளில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் சிலர் முதன்முறையாக உள்ளே போனார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தபோது இழப்பாகத் தெரிந்தது, அங்கிருந்து பார்த்தபோது வாசலாகத் தெரிந்தது. எமது விடுதியில் அந்த ஊர்களிலிருந்து வந்து படித்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களின் முன்னால் நாங்கள் கொஞ்சம் அடக்கியே புலம்பினோம்.

1974 ஒக்டோபர் 6ஆம் திகதி யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. பேராசிரியர் கைலாசபதி முதல் தலைவர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில் ஒரு பகுதியும், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரிப் பிரிவு இயங்கிய இடத்தில் விஞ்ஞானமும் தொடங்கின. இது எப்படி வந்தது, யார் எதிர்த்தார்கள், யார் வரவேற்றார்கள் என்பவை அன்று சூடான விவாதங்கள். பெண்பிள்ளைகளின் கண்ணால் பார்த்தால் ஒரு விடயம் மட்டும் முக்கியம்: மகள் சைக்கிளில் போய்ச் சைக்கிளில் திரும்பக்கூடிய தூரத்தில் ஒரு "கம்பஸ்" வந்தது. 1977 ஓகஸ்ட் கலவரத்தின் பின்னும் 1983 யூலையின் பின்னும், தெற்கே போகவேண்டிய கடிதங்கள் வந்த வீடுகளில் எத்தனை கடிதங்கள் சுவாமிப் படத்துக்குப் பின்னால் செருகப்பட்டு அங்கேயே இருந்துவிட்டன! என்னோடு ஒரே வாங்கில் இருந்த ஒருத்திக்கு 1977இல் பேராதனைக் கலைப்பீடக் கடிதம் வந்தது. தகப்பனார் அதை வாசித்துவிட்டு மடித்து வைத்தார், ஒன்றும் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. தையல் வகுப்புக்குப் போனாள், வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகள் எடுத்தாள், திருமணமாகி இப்போது மெல்பேணில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். சங்கத்தின் அந்நாட்டுக் கிளைக்கு முதலில் பணம் அனுப்புபவள் அவள்தான். அவளது பெயர் அந்தப் பக்கத்தில் இல்லை.

1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தோடு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வந்தது. அன்றிலிருந்து காத்திருப்புக்கு ஒரு முறைமை ஏற்பட்டது: மறுமொழி, பிறகு கைந்நூல், விருப்ப ஒழுங்கில் கற்கைநெறிகளை நிரப்பிய விண்ணப்பம், மாவட்ட வெட்டுப்புள்ளி, கடிதம், பதிவு. இன்று பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. 2001இலிருந்து கூட்டுப் புள்ளியின் இடத்தில் இசட் புள்ளி. ஒரு பாடத்தின் சராசரியிலிருந்து ஒரு பிள்ளையின் புள்ளி எத்தனை நியம விலகல் மேலே அல்லது கீழே நிற்கிறது என்பதைக் கணித்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி எடுப்பார்கள். கடினமான பாடம் எடுத்தவள் இலகுவான பாடம் எடுத்தவளிடம் தோற்கக்கூடாது என்பதே நோக்கம். கணித ஆசிரியையாக நான் இதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நான்காம் தசம தானத்தில் ஒரு பிள்ளை மருத்துவராவதும் ஆகாமற் போவதும் தீர்மானிக்கப்படுவதைப் பார்த்து நின்ற ஆசிரியை என்ற முறையில் எனக்கு அது ஒருநாளும் இலகுவாக இருந்ததில்லை. 2011இல் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் எழுதியவர்களை ஒன்றாகக் கணித்தார்கள். 2012 யூனில் உயர் நீதிமன்றம் அந்த இசட் புள்ளிகளை இரத்துச் செய்ய, எல்லாம் மீளக் கணிக்கப்பட்டது. ஓகஸ்டில் பரீட்சை எழுதியவர்கள் மறு ஓகஸ்டிலும் வீட்டிலே இருந்தார்கள்.

போர்க்காலத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். இங்கே சுருக்கமாகத்தான். 1987 முதல் 89 வரை தெற்கிலே பல்கலைக்கழகங்கள் மூடிக்கிடந்தபோது சிங்களப் பிள்ளைகளும் எங்களைப் போலவே வருடக்கணக்கிற் காத்திருந்தார்கள். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, தபால் எப்போதாவது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு மழையில் நாவற்குழி, கைதடிப் பக்கம் நடந்த சனத்தில், சான்றிதழ்களைப் பொலித்தீன் பையிற் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போன பிள்ளைகளை நான் கண்டேன். நகையைத் தாய் வைத்திருந்தாள். சான்றிதழை மகள் வைத்திருந்தாள். 2009 ஓகஸ்டில் வவுனியா முகாம்களுக்குள் இருந்தே உயர்தரம் எழுதினார்கள். எழுதியவர்கள் பலர் இன்று பட்டதாரிகள்.

பணத்துக்கு வருவோம். கடிதம் வந்தவுடன் முதலில் எழும் கேள்வி "மகாபொல கிடைக்குமோ?" என்பதுதான். சிங்களத்தில் "பொல" என்றால் சந்தை. மகாபொல என்றால் பெருஞ்சந்தை. வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி நாடெங்கும் நடத்திய கண்காட்சிச் சந்தைகளின் வருமானத்தையும் லொத்தர்ப் பணத்தையும் கொண்டு ஏழை மாணவர்க்கு உதவும் திட்டமாக அது வளர்ந்து, 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் நம்பிக்கை நிதியமாயிற்று. திறமைக்கு ஒரு பகுதி, குடும்ப வருமானத்துக்கு ஒரு பகுதி. அது கிடையாதவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் பேர்சரி. லொத்தர்ச் சீட்டு வாங்கியவனுக்குப் பரிசு விழாவிட்டாலும் யாரோ ஒரு பிள்ளைக்கு விழுந்தது என்று வகுப்பில் நான் பகிடியாகச் சொல்வதுண்டு. எத்தனை ஆயிரம் குடும்பங்களைத் தூக்கிவிட்ட திட்டம்!

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2015இல் மாதம் 5,000 ரூபாவாக உயர்ந்த மகாபொல, 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலே 7,500 ஆனது. பேர்சரி 4,000இலிருந்து 6,500. இடையில் 2022 செப்ரெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. அந்த 5,000 அப்படியே நின்றது. தொகையிலும் பார்க்க எனக்குக் கவலை தந்தது அது வரும் நேரம். பிள்ளை பதிவுசெய்து, வகுப்புக்குப் போய், பெயர்ப் பட்டியல் வந்து, வங்கிக் கணக்கில் முதல் தவணை விழ முதற் பருவத்தின் பெரும்பகுதி கழிந்துவிடும். செலவோ கடிதம் வந்த கிழமையே தொடங்கும். மருத்துவச் சான்றிதழ், விடுதி முற்பணம், மெத்தை, பெட்டி, வெள்ளைச் சட்டை, பஸ் காசு, இப்போது மடிக்கணினியும். கிளிநொச்சிப் பிள்ளைக்கு மாத்தறையிலோ பதுளையிலோ இடம் கிடைத்தால் துணைக்குப் போகும் தாயின் ஒருநாட் கூலியும் அந்தக் கணக்கில் சேரும். இந்தச் சில மாத இடைவெளியில்தான் காப்பு அடைவு கடைக்குப் போகிறது, அல்லது "அடுத்த வருசம் பார்ப்பம்" என்ற சொல் வீட்டில் பிறக்கிறது. அடுத்த வருடம் என்று ஒன்று பெண்பிள்ளைக்குப் பெரும்பாலும் வருவதில்லை.

விண்ணப்பப் படிவத்திலும் ஒரு முள் உண்டு. வருமானத்தைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டும். தகப்பனின் தொழில், தகப்பனின் வருமானம் என்ற கட்டங்களில் எதை எழுதுவது என்று 2009க்குப் பின் என்னிடம் வந்து கேட்ட பிள்ளைகள் பலர். தகப்பன் காணாமற் போனவர். மரணச் சான்றிதழ் எடுத்தால் வேலை சுலபமாக முடியும். தாய் அதை எடுக்கச் சம்மதிக்கமாட்டாள். படிவத்தை மேசையில் வைத்துவிட்டு இருவரும் பேசாமல் இருந்தோம்.

புலம்பெயர்ந்த நாடுகளில் இருக்கும் சகோதரிகளுக்கு இந்த நீண்ட காத்திருப்பு விளங்குவது குறைந்து வருகிறது. இங்கிலாந்தில் உங்கள் மகளுக்குப் பரீட்சைக்கு முன்னரே நிபந்தனையோடு இடம் தந்துவிடுகிறார்கள். ஓகஸ்ட் நடுவில் ஒரு வியாழக்கிழமை காலை மறுமொழி வந்தால் அன்றைக்கே அநேகமாகப் பல்கலைக்கழகமும் தெரிந்துவிடும். கல்விக் கடனும் முன்கூட்டியே விண்ணப்பித்தது. ரொறன்ரோவில் இருப்பவர்கள் ஒன்ராறியோ மாகாண உதவித் திட்டத்தின் பதிலுக்காகச் சில வாரங்கள் முணுமுணுப்பதைத் தொலைபேசியிற் கேட்டிருக்கிறேன். இங்கே எல்லாமே பரீட்சைக்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கின்றன. 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரம் கொரோனாவால் 2022 பெப்ரவரியில்தான் தொடங்கியது. 2024ஆம் ஆண்டுப் பரீட்சை நவம்பர் வெள்ளத்தால் இடைநின்று டிசெம்பரில் தொடர்ந்தது. பத்தொன்பதில் எழுதிய பிள்ளை வளாகத்தில் காலடி வைக்கும்போது இருபத்தொன்றைத் தொட்டுவிடுகிறாள். தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம். இத்தனைக்கும் இன்று இந்நாட்டுப் பல்கலைக்கழக மாணவரில் 60 வீதத்துக்கும் மேற்பட்டோர் பெண்கள். 904 பேரில் பத்தில் ஒரு பங்காகத் தொடங்கியவர்கள்.

காத்திருந்த பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். எமது கனிஷ்ட பிரிவில் தொண்டர் ஆசிரியைகளாகக் கற்பித்தவர்களில் அநேகர் கடிதத்துக்காகக் காத்திருந்த பழைய மாணவிகள்தான். போர் நாட்களில் ஆசிரியர் பற்றாக்குறை கடுமையாக இருந்தபோது ஆறாம், ஏழாம் வகுப்புகளைத் தாங்கியவர்கள் அவர்கள். சம்பளம் இல்லை, பஸ் காசு இருந்தால் பெரிய காரியம். கடிதம் வந்ததும் ஒருநாள் திடீரென்று நின்றுவிடுவார்கள். சிறிய பிள்ளைகள் அழும். கடிதம் வராதவர்களிற் சிலர் கல்வியியற் கல்லூரிக்குப் போய்ப் பயிற்றப்பட்ட ஆசிரியைகளாக இதே வகுப்பறைக்குத் திரும்பி வந்தார்கள். அவர்கள் பெயரும் அந்தப் பக்கத்தில் இல்லை.

சங்கத்தின் ஆவணக் கோப்பில் இவர்களுக்காக ஒரு புதிய பகுதி திறக்கப்பட்டிருக்கிறது. அனுமதிக் கடிதம் கிடைத்தும் போகாதவர்கள், போய் இடையில் திரும்பியவர்கள், காத்திருந்த மாதங்களில் எமது கல்லூரியில் கற்பித்தவர்கள், எந்த ஆண்டினராயினும், எந்த நாட்டில் இருந்தாலும், ஆண்டையும் கற்கைநெறியையும் நடந்ததையும் இரண்டு வரியிலாவது எழுதிச் செயலாளருக்கு அனுப்புங்கள். பெயர் வெளிவர விரும்பாதவர்கள் அதையும் குறிப்பிடுங்கள். கடிதத்தை இன்னும் வைத்திருப்பவர்கள் ஒரு பிரதி எடுத்து அனுப்பினால் போதும்; மூலப்பிரதி உங்களிடமே இருக்கட்டும்.